பருத்தியில் ஓநாய், வயிற்றில் ஓநாய்: தெனிஸ்லிக்கு வந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

துருக்கியின் தெனிஸ்லி நகருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், கரூரில் பார்த்த வீட்டுத் துணித் தர ஆய்வு வேலையையே இங்கும் பார்க்கிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த மூன்று மாதத்தில் ‘குர்த்’ என்னும் ஒரு துருக்கிச் சொல் உங்களை நான்கு இடங்களில் வழிமறித்திருக்கிறது. விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் சாலையில் ‘போஸ்குர்த்’ என்ற பெயர்ப் பலகையைப் பார்த்தீர்கள். பருத்தி விளைச்சல் அறிக்கை ஒன்றில் ‘பெம்பே குர்த்’ என்றிருந்ததைக் கைபேசி ‘இளஞ்சிவப்பு ஓநாய்’ என்று மொழிபெயர்த்தது. நான்கு வயது மகளுக்கு மருந்து கேட்கப் போன கடையில் ‘கில் குர்து’ என்றார்கள், அது ‘முடி ஓநாய்’ என்று வந்தது. கடைசியாக, சாயம் போட்டு வந்த ஒரு லாட்டை, அதாவது ஒரு தொகுதித் துணியை, தொட்டுப் பார்த்த உங்கள் பிரிவின் மூத்த கைத்தேர்ந்தவரான உஸ்தா ‘இச்சிமே குர்த் துஷ்தூ’ என்றார், கைபேசி ‘எனக்குள் ஓநாய் விழுந்தது’ என்று காட்டியது, நீங்களும் புரியாமல் தலையாட்டிவிட்டு வந்துவிட்டீர்கள். ‘ஒரே சொல்லுக்கு இத்தனை பொருளா அக்கா, எனக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரிந்தும் அது ஏன் உதவவில்லை, இதில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது?’ என்பது உங்கள் கேள்வி.

பதினாறு ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன். இந்தச் சொல்லோடு எனக்கும் பழைய கணக்கு உண்டு என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துருக்கி மொழியில் ‘குர்த்’ என்றால் ஓநாய். அதே எழுத்து, அதே ஒலிப்பில் ‘குர்த்’ என்றால் புழு. இரண்டும் அகராதியில் தனித்தனிப் பதிவுகளாக நிற்கின்றன. கைபேசி அவற்றுள் பெரிய விலங்கையே முதலில் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் பார்த்த நான்கில் பெயர்ப் பலகை மட்டுமே ஓநாய், மற்ற மூன்றும் புழு. ‘பெம்பே குர்த்’ என்பது நம் ஊர் விவசாயிகளை ஆண்டுதோறும் அழவைக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுதான். ‘யெஷில் குர்த்’ என்று இன்னொன்றும் அந்த அறிக்கையிலேயே இருந்திருக்கும். அது பச்சை ஓநாய் அல்ல, பச்சைக் காய்ப்புழு. மெண்டெரெஸ் ஆற்றுச் சமவெளியில் பருத்தி போடுகிறவர்களிடம் பேசினால் இவ்விரண்டு பெயர்களும் காதில் விழாமல் இராது. கரூரில் நூல் வாங்கிப் பழகிய உங்களுக்கு, கைபேசியை மூடி வைத்திருந்தால், இது நொடியில் விளங்கியிருக்கும்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுதான், தம்பி. இந்தச் சொல்லை ஆங்கிலத்தின் வழியாகப் பிடிக்கப் போகாதீர்கள், தமிழின் வழியாகப் போங்கள். நம் ‘பூச்சி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பயிரில் விழுவதும் பூச்சி. குழந்தையின் வயிற்றில் இருப்பதும் பூச்சி, ‘பூச்சி மருந்து கொடுத்தாயா?’ என்றுதானே அம்மா கேட்பார்? இருட்டிய பிறகு வரப்பில் நடப்பவரிடம் ‘பூச்சி பொட்டு இருக்கும், பார்த்துப் போ’ என்று சொன்னால் அங்கே பூச்சி என்பது பாம்பு. இரவில் பாம்பைப் பெயர் சொல்லி அழைத்தால் வந்துவிடும் என்று நம் பாட்டிமார் அந்தப் பெயரை வாயிலேயே எடுக்க மாட்டார்கள். மிகச் சிறிய உயிரின் பெயரை மிக அஞ்சத்தக்க உயிருக்கு வைத்து அதை ஏமாற்றுவது ஒரு பழைய தற்காப்பு. ‘குர்த்’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் அப்படியே இதுதான்.

பழைய துருக்கி மொழியில் ஓநாய்க்கு ‘போரி’ என்று பெயர். மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றங்கரையில் நிற்கும் 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், தன் தந்தையான ககானின், அதாவது பேரரசனின், படை ஓநாய் போல இருந்தது, பகைவர் ஆடு போல இருந்தார்கள் என்று ஓர் அரசன் சொல்கிறான். அங்கே வரும் சொல் ‘போரி’. 1070-களில் பாக்தாதில் இருந்துகொண்டு துருக்கி மொழிகளுக்கு அரபியில் அகராதி எழுதிய மஹ்மூத் காஷ்கரி, ‘குர்த்’ என்பது துருக்கியர் எல்லாருக்கும் புழு, ஓகூஸ் மக்களுக்கு மட்டும் ஓநாய் என்று குறித்து வைத்திருக்கிறார். இன்று அனத்தோலியாவில், அதாவது துருக்கியின் ஆசியப் பகுதியில், பேசப்படும் துருக்கி அந்த ஓகூஸ் கிளையிலிருந்து வந்தது. மந்தை மேய்த்தவர்கள் ஓநாயின் பெயரைச் சொல்ல அஞ்சிப் புழுவின் பெயரால் அதை அழைத்தார்கள், காலப்போக்கில் புனைபெயரே பெயராகிவிட்டது என்பது மொழி ஆய்வாளர்கள் தரும் விளக்கம். உங்கள் ஆலையில் உஸ்பெக்கிஸ்தானிலிருந்து வந்தவர்கள் யாரேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மொழியில் இன்றும் ஓநாய் ‘போரி’தான், ‘குர்த்’ வெறும் புழுதான்.

இந்த அச்சம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ‘குர்த்’ என்பதே பழகிப் போய் வீரியம் பெற்றுவிட்டதால், அனத்தோலியக் கிராமங்களில் பலர் அதையும் சொல்லாமல் ‘ஜானவார்’ என்று ஓநாயைச் சுட்டுகிறார்கள். இந்தியில் விலங்குக்குச் சொல்லும் ‘ஜான்வர்’ என்ற அதே பாரசீகச் சொல்தான், இங்கே கொடிய விலங்கு என்ற பொருளில் நிற்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி சாமெலி மலைப் பக்கத்தவர். ஆடோ மாடோ இரவில் வீடு திரும்பாவிட்டால் அவருடைய தந்தை ஒரு மடக்குக் கத்தியை விரித்து, பிரார்த்தனை ஓதி, மூடி வைப்பாராம். அதற்கு ‘ஓநாயின் வாயைக் கட்டுவது’ என்று பெயர். விலங்கு கிடைத்ததும் மறக்காமல் கத்தியைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எங்கோ ஓர் ஓநாய் வாய் திறக்க முடியாமல் பட்டினியால் செத்துப்போகும், அந்தப் பாவம் நம்மைச் சேரும் என்றார். தன் ஆட்டைத் தின்ன வரும் விலங்கும் பசியால் சாகக் கூடாது என்ற அந்த நினைப்பு எனக்கு இந்த நாட்டு மக்களைப் பற்றி நிறையச் சொல்லிக் கொடுத்தது.

இதே வழியில் ஆங்கிலம் எதிர்த் திசையில் போயிருக்கிறது. இன்று மண்புழுவையும் குடற்புழுவையும் குறிக்கும் ‘வொர்ம்’ என்ற சொல், பழைய ஆங்கிலத்தில் பாம்பையும், நெருப்பு உமிழும் பெரும் நாகத்தையும் குறித்தது. அங்கே நாகம் சுருங்கிப் புழுவாயிற்று, இங்கே புழு வளர்ந்து ஓநாயாயிற்று. ஆங்கிலத்தின் ‘உல்ஃப்’ என்ற சொல்லோ கதைப் புத்தகத்து விலங்காகவே பெரும்பாலும் வாழ்கிறது. பிரிட்டனில் ஓநாய் அற்றுப்போய்ச் சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதனால் அந்தச் சொல்லில் பேராசையும் வஞ்சமும் பசியும் மிஞ்சியிருக்கின்றன: அவசர அவசரமாக விழுங்குவதற்கு அதுவே வினைச்சொல், தெருவில் பெண்களைப் பார்த்து அடிக்கும் விசிலுக்கும் அதன் பெயர், வறுமையை விரட்டுவதை வாசலில் நிற்கும் ஓநாயை விரட்டுவதாகச் சொல்வார்கள். அனத்தோலிய மலைகளில் ஓநாய் இன்னும் உயிரோடு திரிகிறது. சிவாஸ் பக்கத்தில் மந்தை காக்கும் கங்கால் நாய்களின் கழுத்தில் நீண்ட முள் வைத்த இரும்புப் பட்டை போடுவது அழகுக்காக அல்ல, ஓநாய் முதலில் கழுத்தைக் கவ்வும் என்பதற்காக. எதிரில் வரக்கூடிய விலங்கை மக்கள் ஏளனம் செய்வதில்லை. அதனால்தான் துருக்கியில் ‘குர்த்’ என்பதில் அச்சத்தோடு மரியாதையும் கலந்திருக்கிறது.

ஆங்கில வழியாகப் போனால் எங்கே தடுக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பொய்யாக அபாயக் குரல் எழுப்புவதை ஆங்கிலத்தில் ‘ஓநாய் என்று கத்துவது’ என்பார்கள். நான் வந்த புதிதில் அதை அப்படியே துருக்கியில் சொல்லப்போய், எதிரில் இருந்தவர் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். துருக்கியில் அந்தக் கதையின் பெயர் ‘யாலான்ஜி சோபான்’, பொய்க்கார இடையன். சொல் இடையனைப் பிடித்துக்கொண்டது, ஓநாயை விட்டுவிட்டது. நமக்கோ அது ‘புலி வருது, புலி வருது’. அதே போல ஆங்கிலத்தில் ஆட்டுத் தோல் போர்த்திய ஓநாய் துருக்கியிலும் ஆட்டுக்குட்டித் தோல் போர்த்திய ஓநாயாகவே இருக்கிறது, நம்மிடம் பசுத்தோல் போர்த்திய புலியாகிவிடுகிறது. ஒவ்வொரு மொழிக்கும் தன் தொழுவத்துக்கு வந்த விலங்குதான் பழமொழியில் நுழையும். நம்மிடம் ஓநாய் அபூர்வமாகவே வருகிறது, வந்தாலும் ஆடு நனைகிறதே என்று அழுகிற ஓநாயாகத்தான் வருகிறது.

இனி, ஆலையிலும் அக்கம்பக்கத்திலும் நீங்கள் கேட்கப் போகும் வழக்குகளுக்கு வருகிறேன்.

‘எஸ்கி குர்த்’, பழைய ஓநாய், என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது வசை அன்று. தறியின் சத்தத்தை வைத்தே எந்த இழை அறுந்தது என்று சொல்லும் உஸ்தாவை அப்படிச் சொல்வார்கள். நம் வழக்கில் பழம் தின்று கொட்டை போட்டவர். கடலில் காலம் கழித்த மாலுமி ‘தெனிஸ் குர்து’, கடல் ஓநாய். அரசியலில் பல தேர்தல்களைப் பார்த்தவரும் குர்த்தான். ஆனால் மூன்று மாதமே ஆன நீங்கள் ஒரு மூத்தவரை முகத்துக்கு நேரே அப்படி அழைக்க வேண்டாம். அவர் வயதுக்காரர்கள் சொல்லும்போது பாராட்டாக இருப்பது, இளையவர் வாயில் உரிமை மீறலாகும். ‘உஸ்தா’ அல்லது ‘உஸ்தாம்’ என்றே சொல்லுங்கள். ‘குர்த்’ என்பது இங்கே குடும்பப் பெயராகவும் நிறைய இருக்கிறது. அலுவலகக் கதவில் அப்படி ஒரு பெயரைப் பார்த்துவிட்டுக் குடும்பப் பெயரோடு ‘பெய்’ சேர்த்து அழைத்துவிடாதீர்கள். இங்கே மரியாதைச் சொல் முதல் பெயரோடுதான் சேரும், ஆணுக்கு ‘பெய்’, பெண்ணுக்கு ‘ஹானிம்’.

ஏற்றுமதிப் பிரிவில், துருக்கிப் பணமான லிரா ஏறி இறங்கும் நாட்களில், ‘ஓநாய்க்கு மூடுபனி பிடிக்கும்’ என்று யாரேனும் முணுமுணுப்பார்கள். குழப்பத்தில் ஆதாயம் தேடுகிறவர் யாரோ இருக்கிறார் என்பது பொருள். ஓய்வு பெறப் போகும் ஒருவர் பெருமூச்சோடு ‘ஓநாய் கிழடானால் நாய்களுக்கு வேடிக்கைப் பொருள்’ என்று சொன்னால் ஆறுதலாக ஒரு சொல் சொல்லுங்கள், அது வருத்தத்தில் வருகிற பழமொழி. கடும் பசியோடு இருப்பவர் ‘ஓநாய் போலப் பசிக்கிறது’ என்பார். இதை நீங்களும் தாராளமாகச் சொல்லலாம். அடுத்த கணம் உங்கள் முன்னால் ஒரு தட்டு வந்துவிடும்.

புழுவின் பக்கம் வந்தால், துருதுருவென்று ஓரிடத்தில் உட்காராத குழந்தையை ‘குர்த்லு’ என்பார்கள். உங்கள் மகளை யாரேனும் அப்படிச் சொன்னால் ஓநாய்க் குணம் என்றோ நோய் என்றோ எண்ணிக் கலங்காதீர்கள், உடம்பில் புழு நெளிவதுபோல் நெளிகிறாள் என்று செல்லமாகச் சொல்கிறார்கள். திருமணங்களில் ஆடித் தீர்ப்பதை ‘குர்த்லாரினி தோக்மெக்’, தன் புழுக்களைக் கொட்டிவிடுவது, என்பார்கள். உள்ளே அடைந்து கிடந்த அரிப்பெல்லாம் ஆட்டத்தில் உதிர்ந்துபோகும் என்பது கருத்து. உங்களையும் கையைப் பிடித்து ஆட இழுப்பார்கள், போங்கள். புத்தகமும் கையுமாக இருப்பவர் ‘கிதாப் குர்து’, நம் புத்தகப் புழுவேதான். மும்மொழியும் ஒன்றுபடும் அரிய இடங்களில் அது ஒன்று. மற்றபடி பட்டுப்புழு ஆங்கிலத்தில் புழு, தமிழில் புழு, துருக்கியில் மட்டும் ‘இப்பெக் பொஜெயி’, பட்டுப் பூச்சி. மண்புழுவுக்கு ‘சொலுஜான்’ என்று தனிச் சொல் உண்டு. கணினியைத் தாக்கும் ‘வொர்ம்’ நிரலுக்கும் ‘சொலுஜான்’ என்றே பெயர் வைத்தார்கள், ‘குர்த்’ என்று வைக்கவில்லை. இவற்றையெல்லாம் விதியாக மனப்பாடம் செய்ய முடியாது, காதால்தான் பழக வேண்டும்.

காப்பாற்றுவது என்று பொருள்படும் ‘குர்தார்மாக்’, விடுதலை என்னும் ‘குர்துலுஷ்’ ஆகியவற்றையும் பார்த்திருப்பீர்கள். அவை வேறு வேரிலிருந்து வந்தவை. ஓநாய்க்கும் அவற்றுக்கும் உறவு இல்லை.

மகளின் விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ‘கில் குர்து’ என்பது கரூரில் நாம் கீரிப்பூச்சி என்கிற, இரவில் அரிப்பெடுக்கும் மெல்லிய வெள்ளைப் புழு. உலகம் முழுக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு வருவதுதான். உங்கள் பகுதியின் குடும்ப மருத்துவரிடம், அதாவது ‘ஆய்லே ஹெகிமி’யிடம், அழைத்துப் போய்க் காட்டுங்கள். பொதுவாக வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து சாப்பிட்டு, முட்டைகளிலிருந்து மீண்டும் வராமல் இருக்க இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். படுக்கை விரிப்புகளைச் சுடுநீரில் துவைத்து, நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மழலையர் பள்ளி ஆசிரியரிடமும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். இங்கே அதை யாரும் வளர்ப்புக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது ஒலிப்பு. இதை மட்டும் மிகக் கவனமாகக் கேளுங்கள். ‘குர்த்’ என்பதில் வரும் உகரம் நம் ‘குரங்கு’ என்பதில் வரும் அதே உகரம். அதற்குப் பதிலாக உதட்டைக் குவித்து ‘கியூர்த்’ என்பதுபோல் ஒலித்தால் அது குர்திஷ் இனத்தவரைக் குறிக்கும் சொல்லாகிவிடும். எழுத்தில் உகரத்தின் மேல் இரண்டு புள்ளிகள்தான் வேறுபாடு. நான் வந்த இரண்டாம் ஆண்டில், அப்போது வேலை பார்த்த இடத்தின் உணவுக்கூடத்தில், மாவு மூட்டையைத் திறந்து பார்த்துவிட்டு ‘இதில் புழு வைத்திருக்கிறது’ என்று சொல்ல வந்தவள், புள்ளி வைத்த உகரத்தோடு சொல்லிவிட்டேன். சமையல் செய்த பெண்மணி கிழக்குத் துருக்கியில் ‘வான்’ என்ற நகரத்தவர், குர்திஷைத் தாய்மொழியாகக் கொண்டவர். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஏன் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள் என்று புரிய எனக்கு அன்று மாலை ஆயிற்று. அவருடைய மொழியே பொது இடங்களில் தடுக்கப்பட்டிருந்த ஒரு காலத்தை அவர் வாழ்ந்து கடந்திருக்கிறார், அவருடைய மக்களின் பெயரை நான் மாவில் நெளியும் புழுவுக்கு வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அவரிடம் போய், எனக்குத் தெரிந்த அத்தனை துருக்கியையும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, ‘முதலில் இ என்று சொல், நாக்கை அசைக்காதே, உதட்டை மட்டும் குவி’ என்று அந்த ஒலியை எனக்குக் கற்றுக்கொடுத்தார். இன்றுவரை அவரே என் நெருங்கிய தோழி. நீங்களும் அப்படியே பழகுங்கள்: ‘இ’ என்று ஒலித்தபடி உதட்டைக் குவித்தால் புள்ளி வைத்த உகரம், நம் இயல்பான ‘உ’ புள்ளியில்லாத உகரம். பன்மையில் இரண்டும் இன்னும் விலகிவிடும். ஓநாய்களும் புழுக்களும் ‘குர்த்லார்’, மக்கள் ‘கியூர்த்லேர்’. சந்தேகம் வந்தால் ஈற்றைக் கவனியுங்கள், சொல் எது என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

இனிப் பெயர்ப் பலகைக்கு வருகிறேன். சார்தாக் விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் இருக்கும் போஸ்குர்த் நம் தெனிஸ்லி மாகாணத்தின் ஒரு வட்டம். கருங்கடல் பக்கம் கஸ்தமோனு மாகாணத்திலும் அதே பெயரில் ஒரு வட்டம் இருக்கிறது, 2021 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரும் உயிரிழப்பைக் கண்ட ஊர் அது. ‘போஸ்’ என்பது சாம்பலும் மண்ணும் கலந்த நிறம், போஸ்குர்த் என்றால் சாம்பல் ஓநாய். மலைகளுக்குள் அடைபட்ட துருக்கியருக்கு ஓர் ஓநாய் வழிகாட்டி வெளியே கொண்டுவந்தது என்பது இவர்களின் தொல்கதை. குடியரசு உருவானபோது அந்த ஓநாய் நாட்டுச் சின்னம்போலவே கொண்டாடப்பட்டது. 1927-இல் வெளிவந்த குடியரசின் முதல் பணத்தாள் வரிசையில் ஐந்து லிரா தாளில் அதன் உருவம் இருந்தது. 1926 ஆகஸ்ட் 2 அன்று, ‘போஸ்குர்த்’ என்ற துருக்கிக் கப்பல் ‘லோட்டஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பலோடு மோதி மூழ்கி, எட்டுத் துருக்கியர் இறந்தார்கள். பிரெஞ்சு அதிகாரியை விசாரிக்கத் துருக்கிக்கு உரிமை உண்டா என்ற வழக்கு ஹேக் நகரத்துப் பன்னாட்டு நீதிமன்றம்வரை போய், 1927-இல் துருக்கிக்குச் சாதகமாக முடிந்தது. சட்டம் படித்தவர்கள் ‘லோட்டஸ் வழக்கு’ என்று இன்றும் படிப்பது இதைத்தான். அதை வாதாடிய நீதி அமைச்சர் மஹ்மூத் எசாத், 1934-இல் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தபோது ‘போஸ்குர்த்’ என்பதையே தம் குடும்பப் பெயராகக் கொண்டார்.

ஆனால் அதே ஓநாய் பிற்காலத்தில் ஒரு கட்சி அரசியலின் கை அடையாளமாகவும் ஆகிவிட்டது. நடுவிரலையும் மோதிர விரலையும் கட்டைவிரலோடு சேர்த்து, சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் காதுபோல் நிமிர்த்திப் பிடிப்பது அது. தீவிர தேசியவாதிகளின் கை. சிலர் அதை நாட்டுப் பற்றின் அடையாளம் என்றே சொல்வார்கள், குர்திஷ் மக்களிலும், சிறுபான்மைச் சமயப் பிரிவினரான அலேவிகளிலும் பலருக்கு அது மிரட்டலாகத் தெரியும். ஆஸ்திரியா 2019-இல் அதைச் சட்டத்தால் தடை செய்தது. 2024 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில், அதே ஆஸ்திரியாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்த துருக்கி வீரர் மெரிஹ் தெமிரால் அதைக் காட்டியதற்காக இரண்டு ஆட்டங்களுக்கு நீக்கப்பட்டார்.

இதை ஏன் இத்தனை விவரமாக எழுதுகிறேன் என்றால், அந்தக் கை நமக்கு நன்றாகத் தெரிந்த கை. பரதநாட்டியத்தில் சிங்கத்தையும் முயலையும் காட்டும் சிம்ஹமுக முத்திரை விரலுக்கு விரல் அதுவேதான். என் மகள் ஏழு வயதில் இணையவழி நாட்டிய வகுப்பு தொடங்கியிருந்த நாட்களில், தொல்முஷ் என்னும் பங்கு வேனில் உட்கார்ந்து அன்றைய பாடத்து முத்திரைகளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் இருந்த ஒரு முதியவர் முகம் மலர்ந்து, தம் கையையும் அப்படியே உயர்த்திக் காட்டி அவளை வாழ்த்தினார். அவருக்கு அருகில் இருந்த இளம்பெண் எழுந்து பின் இருக்கைக்குப் போய்விட்டாள். ஒரு சிறுமியின் ஐந்து விரல் ஒருவருக்கு உறவாகவும் இன்னொருவருக்கு அச்சமாகவும் ஒரே நொடியில் ஆனதை அன்று பார்த்தேன். நாட்டியத்தை நான் நிறுத்தவில்லை. வீட்டிலும் மேடையிலும் அது சிங்கம், தெருவில் அதைப் பிடிக்க வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், பள்ளியில் நிகழ்ச்சி வந்தபோது ஆசிரியரிடம் முன்கூட்டியே விளக்கினேன். உங்கள் மகளும் நாட்டியம் கற்கத் தொடங்கினால் அப்படியே செய்யுங்கள். ஆலையில் யாரேனும் அந்தக் கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள அழைத்தாலும், மார்பில் உள்ளங்கையை வைத்து வணக்கம் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மீதியிருப்பது உஸ்தா சொன்னது. ‘இச்சிமே குர்த் துஷ்தூ’ என்றால் ‘என் உள்ளே புழு விழுந்துவிட்டது’, அதாவது எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. நாம் மனசுக்குள் அரிக்கிறது, குடைகிறது என்கிறோமே, அதே புழுதான். ‘மரத்தைப் புழு தின்னும், மனிதனைக் கவலை தின்னும்’ என்று இவர்களுக்கு ஒரு பழமொழி உண்டு. துருக்கியில் புழு ‘குர்த்’, கவலை ‘தெர்த்’, ஈற்றில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். சாயம் போட்ட லாட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அனுபவமுள்ள ஒரு உஸ்தா அந்தச் சொல்லைச் சொல்கிறார் என்றால், நிழல் வேறுபாடோ சாயம் ஒட்டாமையோ எதையோ அவர் கை உணர்ந்திருக்கிறது. புதிதாக வந்த ஆய்வாளரிடம் நேரடியாகக் குற்றம் சொல்லக் கூடாது என்ற பண்பால் தன் சந்தேகத்தை மட்டும் உங்கள் முன் வைத்திருக்கிறார். நீங்கள் தலையாட்டியதை, நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது அந்த லாட் இன்னும் பெட்டியில் ஏறவில்லை என்றால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை அவிழ்த்து, முதல் உருளையையும் கடைசி உருளையையும் ஒப்பீட்டு விளக்கின் அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உஸ்தாவையும் கூட அழைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா